சுல்தான் ஏறிய ரயில்

பிரிஸ்கில்லா டீச்சர் கதையை நிறுத்திவிட்டால் ஆம்பூர்ப் பிள்ளைகள் அவள் சேலைத் தலைப்பை விடமாட்டார்கள். "டீச்சர், அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே சர்ச் கேட் வரைக்கும் வருவார்கள். அவள் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, "நாளைக்கு" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகக் காய்ச்சலோடு எழுந்து வந்த பிள்ளைகள் உண்டு.

மே மாத வி.பி.எஸ்.ஸில்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. விடுமுறை வேதப் பள்ளி என்று நோட்டீஸில் போடுவார்கள். வாயால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பாட்டு, கைத்தட்டல், காகித வேலை, ஒரு டம்ளர் ரஸ்னா. பாலாற்று மணல் கொதிக்கிற வெயிலில் பிள்ளைகளை ஒரு ஹாலுக்குள் உட்காரவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இரண்டு நாள் வந்துவிட்டு மூன்றாம் நாள் கிரிக்கெட் மட்டையோடு மறைந்துவிடுவார்கள். அவர்களைக் கட்டிப்போடும் கயிறு தொடர்கதை. காட்டுக்குள் போன மிஷனரி மீது சிங்கம் பாய்கிற இடத்தில், போதகர் ஏறிய படகு ஒருக்களித்துச் சாய்கிற இடத்தில் அன்றைய கதை நின்றுவிடும். பிள்ளையின் வாய் பிளந்திருக்கும்போதே நிறுத்த வேண்டும், வாய் மூடிய பிறகு நிறுத்தினால் மறுநாள் பாய் காலியாக இருக்கும் என்பது வி.பி.எஸ். நடத்துகிற அத்தனை பேருக்கும் தெரிந்த தொழில் ரகசியம். ஆனால் பிரிஸ்கில்லாவைப்போல அதைச் செய்தவர்கள் இல்லை. அவள் கதைக்காகப் பக்கத்துத் தெரு ஹலீமா பீயின் பிள்ளைகளும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். ஹலீமா பீயும் சமையலை முடித்த சாக்கில் ஜன்னலோரம் வந்து நிற்பாள்.

பிரிஸ்கில்லாவின் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். தொண்ணூறுகளின் பாதியில் கோர்ட் உத்தரவில் ஷாப்புகள் மூடியபோது வீட்டுக்கு வந்தார். ஷாப் மறுபடி திறந்தது, அவரைக் கூப்பிடவில்லை. தம்பி நெல்வின் படித்துக்கொண்டிருந்தான். பிரிஸ்கில்லா வாங்கிய நர்சரி பள்ளிச் சம்பளம் அரிசிக்குப் போனால் பருப்புக்குக் காணாது. வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த தோழி ஒருத்திதான் கப்பல் வேலையைப் பற்றிச் சொன்னாள். உல்லாசக் கப்பலில் வருகிற குடும்பங்களின் பிள்ளைகளை அப்பா அம்மா இல்லாத நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும் என்றாள்.

2003இல் எழும்பூர் ஏஜென்சி ஆபீஸில் இன்டர்வியூ. கடலில் புயல், முப்பது பிள்ளைகள், பொம்மை அலமாரியின் சாவி தொலைந்துவிட்டது, என்ன செய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார் எதிரே இருந்தவர். பதிலுக்கு பிரிஸ்கில்லா ஒரு கதையை எடுத்தாள். ஆலங்காயம் மலைப்பாதையில் ஒரு லாரி ஏறுகிறது, அதற்குள் நூறு ஆடுகள், அதில் ஒன்றின் கயிறு மட்டும் லூசாகிவிட்டது என்று ஆரம்பித்தாள். லாரி வளைவில் திரும்புகிறது, ஆடு காலைத் தூக்கிப் பலகைமேல் வைக்கிறது, கீழே பள்ளம். அங்கே நிறுத்திவிட்டு மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றார் அவர்.

"எப்போ ஜாயின் பண்ணணும்னு சொல்லுங்க சார். அப்புறம் சொல்றேன்."

அந்த ஆள் சிரித்த சிரிப்பிலேயே வேலை கிடைத்துவிட்டது.

கப்பலின் உச்சித் தளத்தில் இருந்தது பிள்ளைகளின் கிளப். வாசலில் இடுப்பளவுக்கு ஒரு பாதிக் கதவு. பெற்றோர் கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டுப் போவார்கள், கையெழுத்துப் போட்டு அழைத்துப் போவார்கள். பிள்ளையை மடியில் வைக்கக் கூடாது, முத்தமிடக் கூடாது, வாயில் ஊட்டக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சேலைத் தலைப்பால் ஊர்ப்பிள்ளைகளின் மூக்கையெல்லாம் துடைத்துப் பழகியவளுக்குக் கையைக் கட்டிப்போட்டதுபோல இருந்தது. மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான்.

குட்டிப் பயணங்களில் அதற்கும் வேலை இருக்காது. ஒரு வாரம் என்றால் நீச்சல் குளம், ஐஸ்கிரீம், முகத்தில் புலி வரைவது என்று ஓடிவிடும். வாரக்கணக்கில் போகிற பயணத்தில்தான் சிக்கல். இரண்டாம் வாரம் புலி அலுத்துவிடும். அப்புறம் ஒருவரையொருவர் கிள்ளுவார்கள், கடிப்பார்கள், வண்ணக் குச்சிகளை உடைப்பார்கள். கிளப்பின் பொறுப்பாளர் ஹெலன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, பழைய பள்ளிக்கூட வாத்தியார், நீண்ட பயணம் என்றாலே தலைவலி மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்வார். அப்படி ஒரு பயணத்தில் இரண்டு பையன்கள் தரையில் புரண்டுகொண்டிருந்த பகலில், பிரிஸ்கில்லா ஆலங்காயம் லாரியை மறுபடி கிளப்பினாள்.

ஆட்டுக்கு சுல்தான் என்று பெயர் வைத்தாள். கடலுக்குப் போய்விட்டால் கத்தி பின்னால் வராது என்று லாரியில் இருந்த கிழ ஆடு ஒன்று சொல்லியிருந்தது. அதனால் சுல்தான் கடலைத் தேடிப் போகிறான். ஆட்டு வியாபாரி சீட்டியடித்துக்கொண்டே பின்னால் வருகிறான். சுல்தானை அமிர்திக் காட்டு மான்கள் ஒளித்துவைக்கின்றன. வேறு வேறு பாஷை பேசுகிற பிள்ளைகள் ஆலங்காயம், அமிர்தி என்று வாய்க்கு வந்தபடி உருட்டினார்கள். வியாபாரியின் சீட்டியைப் பழகிக்கொண்டு சாப்பாட்டு ஹாலில் அடித்தார்கள். ஹெலனின் மாத்திரை கைப்பையிலேயே கிடந்தது.

வாணியம்பாடிக்காரன் தபரேஸ் அதே கப்பலில் கேபின் சுத்தம் செய்பவன். முன்னால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டிக்கொண்டிருந்தவன். கேபின்களில் பயணிகள் கழற்றிப்போட்ட ஷூவைத் திருப்பிப் பார்த்து, இது நம்ம ஊர் தையல், இது இல்லை என்று தரம் பிரிப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. கதை அவன் காதுக்கும் போயிருந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ஆடு கடைசியில கடலுக்குப் போவுமா, இல்ல ஷூவாதான் கப்பலுக்கு வருமா?"

"நாளைக்கு" என்றாள் பிரிஸ்கில்லா.

உண்மையில் அவளுக்கே தெரியாது. மிஷனரி கதைகளுக்கு முடிவு எழுதியிருக்கும். சுல்தானை அவள் காலையில் பல் துலக்கும்போது அன்றைக்குத் தேவையான தூரம் மட்டும் ஓட்டிவிட்டாள்.

2005 கோடையில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, மத்தியதரைக் கடலைச் சுற்றி வருகிற நீண்ட பயணம் ஒன்று வந்தது. அதில் எட்டு வயது ரூபியும் அவள் அப்பாவும் ஏறினார்கள். அப்பாவின் பெயர் ஹார்ட்லி. பஸ் டிப்போவில் மெக்கானிக். நகத்தடியில் தேய்த்தும் போகாத கறுப்பு. தோல் ஷாப்காரர் மகளுக்கு அந்த மாதிரிக் கைகளைப் பார்த்தால் ஒரு மரியாதை வரும். முதல் சில நாட்கள் அவர் மகளைக் கிளப்பில் கொஞ்ச நேரம்தான் விட்டார். விட்டுவிட்டும் போகாமல் பாதிக் கதவில் முழங்கையை ஊன்றி நிற்பார். ரூபி அவரைப் பார்த்துப் பார்த்து விளையாடுவாள்.

அப்புறம் ரூபி கதையில் விழுந்தாள். காலையில் கிளப் திறப்பதற்குள் வந்துவிடுவாள். மதியம் அப்பா அழைக்க வந்தால், ஆடு காட்டைத் தாண்டட்டும் என்பாள். அவர் நடைபாதையில் போட்டிருந்த சின்ன நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து காத்திருப்பார். கூப்பிட வரும்போது பிள்ளை போக மாட்டேன் என்று அழுதால் அது கிளப்புக்குப் பாராட்டு என்று ஹெலன் அடிக்கடி சொல்வார். பிரிஸ்கில்லா அதை அப்படியே நம்பினாள். துறைமுகம் வருகிற நாட்களில் வழக்கமாகக் கிளப் காலியாக இருக்கும். எல்லோரும் ஊர் பார்க்க இறங்கிவிடுவார்கள். இந்த முறை அன்றைக்கும் பாயில் இடமில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் உன்னை சீனியராகப் போடச் சொல்லி எழுதுகிறேன் என்று ஹெலன் சொல்லியிருந்தார்.

மால்ட்டா தீவுக்குக் கப்பல் போய்ச் சேர்வதற்கு முன்தினம், ஊழியர் சாப்பாட்டு அறையில் தபரேஸ் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். வழக்கமான கிண்டல் இல்லை. ஹார்ட்லியின் கேபின் அவன் பொறுப்பில்தான் இருந்தது. அந்த மனிதர் பகலெல்லாம் தனியாகப் படுத்துக் கூரையைப் பார்க்கிறார் என்றான். அவருக்கும் மனைவிக்கும் விவாகரத்தாகிவிட்டது. பிள்ளை அம்மாவோடு கனடாவில் இருக்கிறது. அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். சேர்ந்தாற்போல இத்தனை நாள் பிள்ளை அவரிடம் இருப்பது இதுதான் முதல் தடவை. அடுத்தது எப்போதென்று அவருக்கே தெரியாது. இதெல்லாம் படுக்கை விரிக்கும்போது அவராகவே சொன்னது. அவர் பிறந்தது மால்ட்டாவில், அப்பா அங்கே கப்பல்துறையில் வேலை பார்த்தார், ரூபியின் வயதில்தான் ஊரைவிட்டு வந்தார். பிறந்த வீட்டை மகளுக்குக் காட்டத்தான் இந்தக் கப்பலையே பிடித்திருக்கிறார்.

"அவரு பொண்ணுகூட இருக்கணும்னு வந்தாரு. பொண்ணு ஆட்டுகூட இருக்குது" என்றான் தபரேஸ். "கொஞ்சம் கம்மி பண்ணிக்க அக்கா. பேஜாரா இருக்குது பார்க்க."

"நானா அவளைப் புடிச்சு வெச்சிருக்கேன்? கதவு தொறந்துதான கிடக்குது?"

"கதவு தொறந்துதான் கிடக்குது" என்று அவன் எழுந்து தட்டைக் கழுவப் போனான்.

அன்று மாலைக் கதையில் சுல்தான் அரக்கோணம் ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தான். இரண்டு பக்கமும் இரண்டு ரயில் புறப்பட நிற்கின்றன. ஒன்று கடலுக்குப் போகிறது. இன்னொன்றில் சீட்டிக்காரன் உட்கார்ந்திருக்கிறான். எது எந்த ரயில் என்று ஆட்டுக்குத் தெரியாது. பச்சைக் கொடி அசைகிறது. சுல்தான் ஒரு ரயிலில் தாவி ஏறிவிட்டான். எந்த ரயில்? பிரிஸ்கில்லா உதட்டில் விரலை வைத்தாள். அவள் வாழ்க்கையிலேயே அப்படியொரு இடத்தில் நிறுத்தியதில்லை. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து அறை ஊழியர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ஹார்ட்லி மட்டும் நின்றார். ரூபி அந்தப் பக்கம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் தணிந்த குரலில், வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினார். நாளைக்கு மகளை ஊருக்குள் கூட்டிப்போக வேண்டும், அவளோ கதையைக் கேட்காமல் வரமாட்டேன் என்கிறாள் என்றார்.

"மீதிக் கதையை என்னிடம் சொல்லிவிடுங்கள். நடந்துகொண்டே நான் அவளுக்குச் சொல்கிறேன்."

எளிய வேண்டுகோள். எந்த ரயில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இல்லாவிட்டால், எனக்கே தெரியாது, நீங்களே ஒரு ரயிலில் ஏற்றிவிடுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். மத்தியானம் தபரேஸ் சொன்னது காதில் இருந்தது. ஆனால் சற்று முன் கேட்ட கத்தல் அதைவிடச் சத்தமாக இருந்தது. வேகாத குழம்பை மூடி திறந்து காட்டச் சொன்னால் சமைக்கிறவளுக்கு வருகிற கூச்சமும் சேர்ந்துகொண்டது. அவள் சிரித்தாள். முன்கூட்டிச் சொன்னால் அது கதையாகாதே சார் என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அது சரிதான் என்றுகூடச் சொன்னார்.

மறுநாள் காலை பாதிக் கதவுக்கு வெளியே ரூபி முதல் ஆளாக நின்றாள். அப்பா தொப்பி போட்டு, தோளில் பையும் கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்களுமாக அவள் முன்னால் குந்தியிருந்தார். வீட்டுக்கு எதிரே படிக்கட்டு உண்டு, அதில்தான் விழுந்து என் பல் உடைந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரிஸ்கில்லா அதைக் கேட்டாள். கதை முடிஞ்சதும் வர்றேன் டாடி என்று ரூபி சொன்னதையும் கேட்டாள். இன்று கதை இல்லை, எல்லோரும் ஊரைப் பாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து பிள்ளைகள் சீட்டியடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் கதவைத் திறந்தாள். ரூபி அவள் கைக்கடியில் நுழைந்து ஓடினாள். ஹார்ட்லி எழுந்து கையெழுத்துப் போட்டார். ஒரு பாட்டிலை மகளுக்காக மேஜையில் வைத்துவிட்டுத் தனியாக இறங்கிப் போனார்.

அன்றைக்கு அவள் கதையை ஒழுங்காகச் சொல்லவில்லை. சுல்தானைச் சரியான ரயிலில் ஏற்றி, வழியில் எங்கும் நிறுத்தாமல் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக் கதையை முடித்துவிட்டாள். ரூபி கைதட்டினாள். அப்பா எங்கே என்று கேட்டாள். ஊழியர்கள் பிள்ளையைக் கரைக்குக் கூட்டிப்போக விதியில் இடமில்லை. சாயங்காலம் அவர் வெயிலில் பின்கழுத்து சிவந்து கன்றிப்போய்த் திரும்பினார். வீடு அப்படியே இருக்கிறது, கதவுக்குக்கூட அதே நீலம், உள்ளே யாரோ ரேடியோ கேட்டார்கள் என்று மகளிடம் சொன்னார். ரூபி பதிலுக்கு ரயிலைப் பற்றிச் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

கதை முடிந்துவிட்டது, இனி பிள்ளை அப்பாவோடு போகும் என்று பிரிஸ்கில்லா நினைத்தாள். அதுவும் நடக்கவில்லை. திரும்பும் வழியில் கடல் கொந்தளித்து, ஹார்ட்லி தலைசுற்றலில் படுக்கையை விட்டு எழவில்லை. ரூபிக்குக் கிளப் பழகிவிட்டது. தினமும் வந்து முதல் வரிசைப் பாயில் சம்மணம் போட்டு, அடுத்த ஆடு எப்போ வரும் என்று கேட்டாள். நீ போய் டாடிகிட்ட உட்காரு என்று பிரிஸ்கில்லா சொன்னபோது, தன்னை ஏன் விரட்டுகிறார்கள் என்று புரியாமல் குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

இறங்குகிற நாளில் ஹார்ட்லி கிளப்புக்கு வந்தார். கறுப்பேறிய நகங்களோடு பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மகள் ஒரு நிமிஷம்கூடச் சலித்துக்கொள்ளவில்லை, அதற்கு உங்களுக்குத்தான் நன்றி என்றார். குரலில் குத்தல் ஏதும் இல்லை. மனசாரச் சொன்னார். பயணிகள் கருத்து அட்டையிலும் அதையே எழுதியிருந்தார். ஹெலன் அதைச் சுவரில் ஒட்டினார். அடுத்த ஒப்பந்தத்தில் பிரிஸ்கில்லா சீனியர். பேட்ஜ் தொங்கும் கழுத்துப் பட்டியின் நிறம் மாறியது. தினமும் அந்த அட்டையைத் தாண்டித்தான் அவள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. திட்டி எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருக்கலாம்.

2007இல் நெல்வின் வேலைக்குப் போனதும் அவள் ஊருக்கே வந்துவிட்டாள். மறுபடி நர்சரி பள்ளி, மறுபடி மே மாதம். வி.பி.எஸ்.ஸைப் பொறுப்பாக நடத்துகிறவர் ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை செய்கிற ஜார்ஜ். கப்பல் டீச்சர் கதை சொல்கிறார் என்று அவர் ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்யாத குறை. முதல் நாள் ஹால் நிரம்பி வழிந்தது. பிரிஸ்கில்லா ஒரு கதையைத் தொடங்கி அன்றைக்கே முடித்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. நாலாம் நாள் பாதிப் பாய் காலி. மறு வருஷமும் அதே கதிதான். 2009இல் ஜார்ஜுக்குப் பொறுமை போய்விட்டது.

"தினமும் கதையை முடிச்சு அனுப்பிட்டா எவன் நாளைக்கு வருவான்? எங்களுக்கெல்லாம் இத சொல்லிக் கொடுத்தவளே நீதான?"

"வர்றவங்க வரட்டும் அண்ணா."

"கப்பலுக்குப் போனவங்க ஏதாவது கத்துக்கினு வருவாங்க. நீ இருந்ததையும் கடல்ல போட்டுட்டு வந்திருக்க."

அவள் காலிப் பாய்களைச் சுருட்டப் போனாள். ரூபியைப் பற்றி ஆம்பூரில் யாருக்கும் தெரியாது. ஆட்டுக் கதையை அவள் இங்கே சொன்னதே இல்லை. சந்தையிலிருந்து வருகிற ஆட்டு லாரி எங்கே போகிறது என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அது மட்டும் காரணமில்லை. மால்ட்டா என்று யாராவது சொன்னால் அந்தப் பெண்ணுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று அவள் அவ்வப்போது யோசித்துப் பார்ப்பாள். ஒரு ஆடும் இரண்டு ரயிலும் வரும். நீலக் கதவு வராது. அதைத்தான் ரூபி பார்க்கவே இல்லையே.

ஜார்ஜ் சலித்துக்கொண்ட மறுநாள் கதை நடுவில் இருந்தது. படகு சாய்ந்துவிட்டது, போதகர் பாய்மரக் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறார். அப்போது ஹால் வாசலில் கெசியாவின் அப்பா மகளை அழைத்துப்போக வந்து நின்றார். ஷூ கம்பெனியில் ஷிப்டு, சட்டையெல்லாம் பசை வாடை. அந்த வாரம் இரவு வேலை; அவர் வீட்டுக்குப் போகும்போது பிள்ளை வி.பி.எஸ்.ஸிலோ தூக்கத்திலோ இருக்கும். கெசியா முதல் வரிசையில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கதை நடக்குது போல. நான் வெளிய நிக்கிறேன் டீச்சர்" என்றார் அவர்.

பிரிஸ்கில்லா பிள்ளைகளிடம் கையைக் காட்டிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள். தூணோரமாக அவரை நிறுத்தி, படகு எப்படி நிமிர்ந்தது, மீன்பிடிக்கிறவர்கள் எந்தத் திசையிலிருந்து வந்தார்கள், போதகருடைய நாய் எப்படி நீந்திக் கரை சேர்ந்தது என்று கடைசிவரைக்கும் கடகடவென்று சொன்னாள். அவர் எதற்கென்று தெரியாமல் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"போற வழியில நீங்க சொல்லுங்க."

"எனக்குக் கதையெல்லாம் சொல்ல வராதுங்க டீச்சர்."

"வர்ற மாதிரி சொல்லுங்க. மாத்திச் சொன்னாலும் பரவால்ல."

கெசியா அழுதுகொண்டேதான் எழுந்து வந்தாள். டிவிஎஸ் வண்டியின் முன்னால் அவளைத் தூக்கி வைத்தார் அப்பா. மீதி எனக்குத் தெரியும் என்றார். அழுகை நின்று குழந்தை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. வண்டி கேட்டைத் தாண்டும்வரை பிரிஸ்கில்லா தூணோரம் நின்றாள். அவர் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொன்னார் என்பது வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை.